செஷன் மூடியபின் லேசி லிஸ்ட்டைத் தொட்டால் எக்செப்ஷன்: ஈகர் போட்டுவிடலாமா?

கேள்வி:
ஸ்பிரிங் பூட் 3, ஹைபர்நேட் 6 (ஜாவா ஆப்ஜெக்ட்டை டேபிளோடு இணைக்கும் லைப்ரரி). ஆர்டர் என்டிட்டியில் (டேபிளுக்கான கிளாஸ்) ஐட்டம்கள் ஒன்-டு-மெனி, லேசி (தொட்டால்தான் லோடாகும்). ஓபன்-இன்-வியூவை (ரிக்வெஸ்ட் முடியும்வரை ஹைபர்நேட் செஷனைத் திறந்தே வைக்கும் செட்டிங்) ஃபால்ஸ் ஆக்கியாச்சு. சர்வீஸ் தரும் ஆர்டரை வாங்கி கன்ட்ரோலரில் ஐட்டம்களின் சைஸ் கேட்டால் லேசி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன், "நோ செஷன்". ஈகர் (ஆர்டரோடு உடனே லோடாகும்) போட்டால் சரியாகிறது. அப்படியே விடலாமா?

இன்னொன்று: ஃபார்மிலிருந்து வரும் ஆர்டரை மெர்ஜ் பண்ணிவிட்டு ஸ்டேட்டஸை மாற்றினால் டேபிளில் ஏறவில்லை.

பதில் 1:
ஈகர் வேண்டாங்க. ஃபைண்ட்-பை-ஐடியில் ஒரு ஜாயினோடு முடிந்துவிடும், அதனால் தெரியாது. ஜேபிகியூஎல் (என்டிட்டி பெயர்களை வைத்து எழுதும் குவெரி மொழி) குவெரியில் 100 ஆர்டர் எடுத்துப் பாருங்கள்: ஆர்டருக்கு 1, ஐட்டம்களுக்கு 100, மொத்தம் 101 குவெரி. லேசியாகவே விட்டு, தேவைப்படும் குவெரியில் மட்டும் லெஃப்ட் ஜாயின் ஃபெட்ச் (ஐட்டம்களையும் அதே குவெரியில் கொண்டுவருவது) போடுங்கள். 'லெஃப்ட்' விட்டுப்போனால் ஐட்டமே இல்லாத ஆர்டர் ரிசல்ட்டில் வராது.

லாம்போக் டேட்டா (டூ-ஸ்ட்ரிங் போன்ற மெதட்களைத் தானே எழுதும் அன்னோடேஷன்) போட்டிருந்தால் டூ-ஸ்ட்ரிங்கிலிருந்து ஐட்டம்களை விலக்குங்கள். ஆர்டரை அச்சிடும் ஒரு லாக் வரி போதும், செஷனுக்குள் சத்தமில்லாமல் குவெரி ஓடும். வெளியே என்றால் இதே எக்செப்ஷன்.

பதில் 2:
ஜாயின் ஃபெட்சோடு பேஜபிள் (பக்கம் பக்கமாக எடுப்பது) சேர்க்காதீர்கள். லிமிட் டேட்டாபேஸுக்குப் போகாது. எல்லா வரிகளையும் மெமரிக்கு இழுத்து அங்கேதான் பக்கம் பிரிக்கும். லாகில் ஒரு வார்னிங் வரும், யாரும் படிப்பதில்லை. முதல் குவெரியில் 20 ஐடி மட்டும் எடுங்கள். அடுத்ததில் அந்த ஐடிகளுக்கு ஃபெட்ச், ஆர்டர்-பையை மறுபடி எழுதி.

இரண்டு லிஸ்ட்டை ஒன்றாக ஃபெட்ச் பண்ணினால் மல்டிபிள் பேக் ஃபெட்ச் எக்செப்ஷன் வரும். செட்டாக மாற்றினால் அது வாயை மூடும், அவ்வளவுதான்: 50 ஐட்டம், 20 பேமென்ட் என்றால் ஒரே ஆர்டருக்கு 1000 வரி.

பதில் 3:
மெர்ஜுக்குக் கொடுத்த ஆப்ஜெக்ட் கடைசிவரை டிடாச்டுதான், அதாவது செஷனுக்கு வெளியே. அது திருப்பித் தரும் காப்பிதான் செஷனில் இருக்கிறது. ஸ்டேட்டஸை அதில் மாற்றுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து: மெர்ஜ் எல்லா ஃபீல்டையும் காப்பி பண்ணும். ஃபார்மில் இல்லாத ஃபீல்டு நல் ஆக வந்தால் டேபிளிலும் நல். ஐட்டம்கள் காலி லிஸ்ட்டாக வந்து, ஆர்ஃபன் ரிமூவலும் (லிஸ்ட்டிலிருந்து நீங்கியதை டேபிளிலும் அழிப்பது) ட்ரூ என்றால் பழைய ஐட்டம்கள் மொத்தமும் டெலீட். டிரான்சாக்‌ஷனுக்குள் ஃபைண்ட் பண்ணி, மாறவேண்டிய ஃபீல்டை மட்டும் செட் பண்ணுங்கள். சேவ்கூட வேண்டாம், கமிட்டில் டர்ட்டி செக்கிங் (மாறியதைத் தானே கண்டுபிடிப்பது) எழுதிவிடும்.

கேள்வி கேட்டவர்:
அப்போ வெர்ஷன் ஃபீல்டு (இடையில் வேறொருவர் மாற்றிவிட்டாரா என்று பார்க்கும் எண்) தானாகப் பார்த்துக்கொள்ளுமா?

பதில் 3:
மெர்ஜில் பார்க்கும். ஃபைண்ட் வழியில் பார்க்காது: அப்போது லோடான வெர்ஷனைத்தான் ஹைபர்நேட் ஒப்பிடும், நீங்கள் செட் பண்ணுவதைக் கண்டுகொள்ளாது. ஃபார்மில் வெர்ஷனை ஹிடன் ஃபீல்டாக அனுப்பி, ஃபைண்ட் ஆனதும் நீங்களே ஒரு இஃப் போட்டு ஒப்பிடுங்கள்.