மூன்று தவணை ரோட்டா சொட்டு போட்டும் குழந்தைக்குப் பேதி: ஏன்?

கவின் அம்மா:
என் மகனுக்கு 7 மாதம். முந்தாநாள் ராத்திரியிலிருந்து தண்ணீராகப் போகிறான். நேற்று மட்டும் 8 தடவை, நடுவில் 2 தடவை வாந்தி. 6, 10, 14 வாரம் என்று மூன்று புதன்கிழமையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போய் ரோட்டா சொட்டு போட்டேன். அட்டையில் எல்லாம் எழுதியிருக்கிறது. அப்படியும் பேதி வந்தால் சொட்டு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். மாமியார், பல் முளைக்கிற பேதி, பாலை நிறுத்து என்கிறார். நாத்தனார் குழந்தைக்கு வரும் புதன்கிழமை முதல் தவணை. போடலாமா என்று அவள் என்னைத்தான் கேட்கிறாள்.

சேலத்துக்காரன்:
எங்கள் பாப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது, 3 நாளில் சரியாகிவிட்டது. ஓஆர்எஸ் கொடுங்கள். நாங்கள் பெரிய பாக்கெட்டில் கால்வாசியைப் பால் பாட்டிலில் போட்டுக் கலக்கிக் கொடுத்தோம்.

ஓய்வு பெற்ற செவிலி, அரூர்:
கண்ணு, முதலில் பிள்ளையைப் பாருங்கள். சொட்டு மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி விடுங்கள். உடனே பழையபடி ஆக வேண்டும். மெதுவாகப் படிந்தாலோ, கண் உள்ளே போயிருந்தாலோ, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சேலம் தம்பி, அந்தக் கலவை தப்பு. பெரிய பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கண் அளவில் பிரித்துப் போட்டால் உப்பு கூடிப்போய்ப் பிள்ளைக்கே ஆபத்து. காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து மூடி வைத்து, 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டுத் திரும்பக் கொடுங்கள். பாலை நிறுத்தவே கூடாது. ஜிங்க் மாத்திரை 20 மில்லிகிராம், தினம் ஒன்று, 14 நாள். பேதி நின்றாலும் 14 நாள்தான்.

இப்போது சொட்டு. பேதியைக் கொண்டுவரும் கிருமிகள் பல. இந்தச் சொட்டு ரோட்டா வைரஸுக்கு மட்டும்தான். ரோட்டாவையும் முழுதாக அடைத்துவிடாது, அதன் வேகத்தை உடைக்கும். 2011இல் தொடங்கி டெல்லி, புனே, வேலூரில் 6,700க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து நம் நாட்டுச் சொட்டைச் சோதித்தார்கள். முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதி பாதிக்கு மேல் குறைந்தது. அந்தப் பாதி எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நல்ல குழாய்த் தண்ணீர் வரும் நாடுகளிலும், சொட்டு வருவதற்கு முன் 5 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் ரோட்டா வந்திருக்கிறது. கை கழுவி மட்டும் அதை நிறுத்த முடியவில்லை.

நம் மாநிலத்தில் 2017இல்தான் இது வந்தது. அதற்கு முன்னால் 9 மாதப் பையன் ஒருவன். பாட்டி இரண்டு நாளாகப் பாலை நிறுத்தி வசம்பு உரசிக் கொடுத்திருந்தார். நான் கிள்ளிய தோல் மடிப்பு அப்படியே நின்றது. வாய் திறந்து அழுதான், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பஸ்ஸில் மடியில் போட்டுக்கொண்டு வழியெல்லாம் ஸ்பூனில் ஊட்டினேன். ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள். பிழைத்துவிட்டான். அன்றைக்கு இந்தச் சொட்டு என் பெட்டியில் இல்லை.

நாத்தனாரைக் கட்டாயம் போகச் சொல்லுங்கள். போட்ட முதல் சில நாட்களில் குழந்தை காலை மடக்கி மடக்கி வீறிட்டாலோ, வயிறு வீங்கினாலோ, ரத்தமும் சளியுமாகப் போனாலோ உடனே தூக்கி வர வேண்டும். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வது மிக அரிது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

கவின் அம்மா:
கிள்ளிப் பார்த்தேன் அம்மா, தோல் உடனே படிந்துவிட்டது. கண்ணீரும் வருகிறது. லிட்டர் பாட்டிலில் அளந்து கரைத்துவிட்டேன். பால் குடிக்கிறான். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் ஜிங்க் 20தானா?

ஓய்வு பெற்ற செவிலி, அரூர்:
2 மாதத்திலிருந்து 6 மாதம் வரை பாதி மாத்திரை, 10 மில்லிகிராம். தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் கரைத்துக் கொடுக்கலாம். ராத்திரி ஒரு தடவை எழுப்பி, மூத்திரம் போயிருக்கிறானா என்று பாருங்கள்.