பட்டாபியாக மட்டுமே தெரிந்த எம்.எஸ்.பாஸ்கர்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மாலைப்பேருந்து கேட்டது:

அப்பா கண்டக்டராக இருந்தவர். சன் டிவியில் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ வந்த காலத்தில், அவர் டூட்டி முடிந்து வீடு சேர்வதற்குள் பல வாரம் நிகழ்ச்சி முடிந்திருக்கும். காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “பட்டாபி இன்னைக்கு என்ன பண்ணான்?” என்று கேட்பார். நான் நடுக்கூடத்தில் நின்று நடித்துக் காட்ட வேண்டும். அவர் சிரித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

போன மாதம் ரெண்டு பேரும் சேர்ந்து ‘பார்க்கிங்’ பார்த்தோம். அதில் எம்.எஸ்.பாஸ்கர் செய்த இளம்பரிதியைப் பார்த்து அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. படம் முடிந்ததும், “இது நம்ம பட்டாபிதானே? எங்க டிப்போவுல இப்படி ஒரு ஆபீசர் இருந்தார்டா” என்றார். அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது கிடைத்ததைச் சொன்னேன். மலையாள நடிகர் விஜயராகவனோடு பகிர்ந்துகொண்டது, 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அப்பாவுக்குத் தன் சொந்தக்காரருக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

என் கேள்வி இதுதான். டிவியில் காமெடி செய்துகொண்டிருந்த மனிதர் இந்த இடத்துக்கு எப்படி வந்தார்? வழியில் அவர் மாறினாரா, இல்லை நாம்தான் சரியாகப் பார்க்கவில்லையா? அப்பாவோடு அடுத்து எந்தப் படம் பார்க்கலாம்?

தஞ்சைக்காரன்:

அவசியம் ‘8 தோட்டாக்கள்’ (2017) பாருங்கள். தொலைந்துபோன போலீஸ் துப்பாக்கி ஒன்று கைமாறிக் கைமாறி கிருஷ்ணமூர்த்தி என்ற வயதானவரிடம் வந்து சேரும். அந்தக் கிருஷ்ணமூர்த்தி இவர்தான். அதற்கு முன்னால் ‘உத்தம வில்லன்’ (2015), கமலின் மேனேஜர் சொக்கு செட்டியார். வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்ததை உடைத்துச் சொல்லும் இடத்தில் என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ‘96’ படத்தில் பள்ளிக்கூட ராமாக வந்த பையன் இவர் மகன் ஆதித்யா என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள், ஆச்சரியப்படுவார்.

பின்குரல்:

தம்பி, படப் பட்டியல் ஆளாளுக்குத் தருவார்கள். நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். பதினோரு வருஷம் சாலிகிராமம், வடபழனி டப்பிங் தியேட்டர்களில் குரல் கொடுத்தேன். பெரும்பாலும் சின்னக் குரல்கள்தான். கல்யாண வீட்டுக் கூட்டம், ஆஸ்பத்திரி நர்ஸ், பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடும் அம்மா. பாஸ்கர் சாரும் டப்பிங்கில் குரல் தேய்த்து வந்தவர். அவர் நடிப்பைப் பேசும் யாரும் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முழுக் கதையும்.

டப்பிங்கில் முதலில் கற்பது மூச்சு. திரையில் இருப்பவர் எங்கே மூச்சை இழுக்கிறாரோ அங்கே நீயும் இழுக்க வேண்டும். அவர் முழுங்கினால் நீயும் முழுங்க வேண்டும். வேற்று மொழிப் படம் என்றால் இன்னும் கஷ்டம். அங்கே உதடு மூடும் இடத்தில் நம் வசனத்தில் ஒரு ப-வோ ம-வோ வந்து விழ வேண்டும். விழவில்லையென்றால் பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். முன்னால் நிற்கும் முகம் இன்னொருவருடையது, உன் முகம் இருட்டில். அழுகை, நக்கல், பயம், கெஞ்சல் எல்லாவற்றையும் தொண்டையை மட்டும் வைத்துக் காட்ட வேண்டும். எனக்குச் சிரிப்புக் காட்சிகள்தான் சிரமம். அழுகையில் அரை நொடி பிந்தினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். காமெடியில் அரை நொடி பிந்தினால் செத்தது.

இப்படி ஊறிய ஆள் டிவி காமெடிக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். டிவி தொடர் வேலை தெரிந்தவர்களுக்குப் ப்ராம்ப்டிங் தெரியும். கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் வசனத்தைப் படித்துக்கொண்டே போவார், நடிகர் அதைக் கேட்டுக்கொண்டே பேச வேண்டும். வாய் இந்த வரியில், காது அடுத்த வரியில். நிறையப் பேருக்குக் கண் தானாகவே குரல் வரும் பக்கம் போய்விடும், வசனத்தை வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இயர்போனில் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே இன்னொரு குரலில் பேசிப் பழகியவருக்கு அது வீட்டு வேலை. பட்டாபியை மறுபடி போட்டுப் பார். அந்த முகம் எதிரில் இருப்பவரை விட்டு நகராது.

அப்புறம் டிவியில் இடமும் சின்னது. ஒரு ஹால், ஒரு சோபா, ஒரு மாடிப்படி. சினிமாக் காமெடியனுக்கு ஓட, விழ, தண்ணீரில் குதிக்க இடம் உண்டு. டிவிக்காரருக்கு இடுப்புக்கு மேலேதான் உலகம். புருவம், கழுத்து, குரல் இந்த மூன்றை வைத்து வாராவாரம் புதுசாக ஒன்று காட்ட வேண்டும். அதுவும் எதிரில் ரசிகர் கூட்டம் இல்லாமல், சிரிப்பார்களா என்று தெரியாமல். இதை ஏழெட்டு மாதம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு கடினமான வேலை என்று புரியும். ஆனால் ஊரில் ‘டிவி நடிகர்’ என்றாலே ஒரு படி கீழேதான். காமெடி என்றால் இரண்டு படி. எனக்கு அதில் தீராத வருத்தம்.

மாறினாரா என்று கேட்டாய் அல்லவா, மாறவில்லை தம்பி. ‘மொழி’ 2007-லேயே வந்துவிட்டது. பேராசிரியர் ஞானப்பிரகாசம், மகனைப் பறிகொடுத்த அதிர்ச்சியில் காலம் 1984-லேயே நின்றுபோன மனிதர். அந்த வருஷத்துச் செய்தியை இன்றைய செய்தி மாதிரிப் பேசிக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் வளைய வருவார். தியேட்டரில் முதலில் சிரித்தோம். சிரிக்க வைத்த அதே குரல்தான், ஒரு சுரம் கூட மாற்றாமல், கடைசியில் மகன் செத்துப்போனதை ஒப்புக்கொண்டு உடையும்போது நம்மை அழ வைத்தது. ‘பார்க்கிங்’கில் அந்தக் குரலையே இன்னும் சுருக்கிவிட்டார். பத்து வருஷமாகக் குடியிருக்கும் வீட்டு மாடிக்கு ஒரு இளம் ஜோடி குடிவருகிறது, பிறகு கார் வாங்குகிறது. தன் இடம் போகிறது என்ற எரிச்சலை அவர் கத்திக் காட்டுவதைவிட, கத்துவதற்கு முன்னால் மூக்கால் விடும் மூச்சில் காட்டுகிறார். அது டப்பிங் தியேட்டரில் கற்ற மூச்சு. கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்று செய். அப்பாவோடு ‘மொழி’ பார்க்கும்போது ஞானப்பிரகாசம் அழும் இடத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

வைகைக்கரை:

பின்குரல் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் திருவிழா மேடைகளில் பலகுரல் செய்கிறவன். எங்கள் மதுரைப் பக்கத்து வடிவேல் பாலாஜியும் டிவி காமெடிதான். வடிவேலு சாரின் உடல்மொழியை அப்படியே உடம்பில் ஏற்றி விஜய் டிவியில் பெயர் வாங்கினார். பெண் வேடத்தில் வந்து அவர் ஒரு பார்வை பார்த்தால் செட்டே குலுங்கும். 2020 செப்டம்பர் 10-ல் போய்விட்டார், 45 வயது. கொரோனாவால் மேடை நிகழ்ச்சிகளே இல்லாத வருஷம் அது. அவருக்கு ஒரு ஞானப்பிரகாசமோ இளம்பரிதியோ வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அடிக்கடி நினைப்பேன். ‘லொள்ளு சபா’வில் சிரிக்க வைத்த சேஷுவும் அப்படித்தான். ‘வடக்குப்பட்டி ராமசாமி’யில் ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்கள், படம் வந்த அதே வருஷம், 2024 மார்ச்சில் காலமானார். அதே நிகழ்ச்சியிலிருந்து கிளம்பிய சந்தானம் கதாநாயகனாகவே ஆகிவிட்டார். திறமையில் யாரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை அக்கா. யாருக்கு எப்போது எந்த வேடம் வந்து சேர்கிறது என்பதுதான்.

பின்குரல்:

உண்மை தம்பி. சேஷு சாரின் நேரம் தப்பாத வசனத்தை நான் கன்சோல் அறையில் எத்தனையோ தடவை உதாரணம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மேடையை விட்டுவிடாதீர்கள். தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நிகழ்ச்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

மாலைப்பேருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ‘மொழி’ பார்த்தோம். அக்கா எழுதியதை அப்பாவுக்கு முதலிலேயே படித்துக் காட்டியிருந்தேன். பேராசிரியர் 1984 பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பா அந்த வருஷம் தான் எந்த ரூட்டில் ஓடினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அழுகைக் காட்சி வந்ததும் பேச்சு நின்றது. முடிந்த பிறகு, “பின்னாடி தள்ளு, கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறேன்” என்றார். தள்ளினேன். கேட்டார். கண்ணைத் திறக்காமலே, “இன்னொரு தடவை” என்றார்.