மறுமொழி: பேக்லாஷுக்குத் தமிழ்ச்சொல் – ‘பின்னடைவு’ வேண்டாம், ‘வெறுஞ்சுற்று’ எண்டு வைப்பம்

எல்லாருக்கும் வணக்கம். வானத்தைப் படம் எடுக்கிற நாங்கள் டெலஸ்கோப் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடுறமெல்லே, அதில பேக்லாஷுக்கு (பற்சில்லுகளுக்கு நடுவில கிடக்கிற இடைவெளியால, மோட்டர் திசை மாறேக்க அச்சு உடன அசையாமல் நிக்கிறதுக்கு) அண்ணை சொன்ன சொல்லுக்கு இது என்ர மறுமொழி.

> பேக்லாஷ் = பின்னடைவு. சனத்துக்குத் தெரிஞ்ச சொல்தானே, இதையே வச்சிருப்பம்.

அண்ணை, இதுக்கு நான் உடன்படேல்ல. பின்னடைவு எண்டால் பேப்பர்ல வாற தேர்தல் முடிவுதான் ஞாபகம் வரும், சரி அதைக்கூட விடுவம், புதுசா மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கி மோட்டரால திருப்புறது) வாங்கின ஒரு பொடியன் அந்தச் சொல்ல வாசிச்சால் சிக்னல் பிந்திப் போகுது போல எண்டு நினைச்சு யூஎஸ்பி கேபிள மாத்திக்கொண்டு இருப்பான். தன்ர மவுண்ட் நட்சத்திரத்தை விட்டு எவ்வளவு விலகுது எண்டு தெஹிவளைத் தம்பி போட்ட கிராஃபுக்குக் கீழ நடந்ததும் இதுதானே, ஒராள் கேபிள் எண்டார், ஒராள் பேலன்ஸ் எண்டார், இன்னொராள் கடற்காத்து எண்டார், கடைசியில தம்பி ஒண்டையும் செய்யாமல் மவுண்டை மூடி வச்சிட்டான். சொல் பிழைச்சால் ஆக்கள் பிழையான இடத்தில கைவைப்பினம், அதுக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

அந்தக் கிராஃபை திரும்ப ஒருக்கா திறந்து சிவப்புக் கோட்டை மட்டும் பாருங்கோ, அது டெக் அச்சு (வடக்குத் தெற்காத் திருப்புறது). கோடு மெல்ல மெல்ல மேல ஏறுது. பீஎச்டி2 (நட்சத்திரத்தைப் பாத்து மவுண்டைத் திருத்திற மென்பொருள், அந்தத் திருத்தம்தான் கைடிங்) கீழ தள்ளச் சொல்லி மோட்டருக்குப் பல்ஸ் அனுப்புது, கோடு அசையேல்ல. இன்னும் பெரிய பல்ஸ், அப்பவும் அசையேல்ல. நாலைஞ்சு பல்ஸுக்குப் பிறகு திடீரெண்டு விழுந்து நடுக்கோட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போயிடுது, அங்கயிருந்து திரும்பி வாறதுக்கும் இதே பாடு. இவ்வளவு நேரமும் மோட்டர் சும்மா நிக்கேல்ல, சுத்திக்கொண்டுதான் இருந்தது. வேர்மின்ர (மோட்டர் சுத்துற திருகுத் தண்டின்ர) புரிக்கும் பற்சில்லின்ர பல்லுக்கும் நடுவில கிடக்கிற இடைவெளி முடியிற வரைக்கும் அந்தச் சுத்து டெலஸ்கோப்புக்குப் போய்ச் சேரேல்ல, அவ்வளவுதான். வெறுமனே சுத்துறதால வெறுஞ்சுற்று எண்டு சொல்லுறன்.

ஏ.எல். பௌதிகவியல் செய்தவைக்கு இது புதுசில்ல. நகரும் நுணுக்குக்காட்டியில குறுக்குக் கம்பியைக் கொண்டுபோய் வைக்கேக்க ஒரே பக்கமாத்தான் திருகோணும், தாண்டிப் போனால் நல்லாப் பின்னுக்குப் போய்த் திரும்பவும் அதே பக்கமா வரோணும் எண்டு லாப்ல சேர்மார் சொல்லித்தாறது இதே இடைவெளிக்காகத்தான்.

> அப்ப ஆர்ஏ அச்சிலயும் வரவேணுமே, ஏன் டெக்ல மட்டும்?

நல்ல கேள்வி தங்கச்சி. ஆர்ஏ, அதாவது கிழக்கு மேற்காத் திருப்புற அச்சின்ர மோட்டர் வானத்தோட சேர்ந்து செக்கனுக்கு 15 ஆர்க் செக்கன் (ஒரு ஆர்க் செக்கன் எண்டால் பாகையில 3600ல ஒரு பங்கு) மாதிரி ஒரே பக்கமா ஓடிக்கொண்டே இருக்கு. கைடிங் வேகத்தை வானத்தின்ர வேகத்தில 0.5ல வச்சிருந்தால் பல்ஸ் வரேக்க அது ஒண்டில் ஒண்டரை மடங்கா ஓடும், இல்லாட்டி பாதி வேகத்தில ஓடும், ஒருநாளும் பின்பக்கம் திரும்பாது, அதால பல்லு எப்பவும் ஒரே பக்கம் ஒட்டினபடி இருக்கும். டெக் அப்பிடியில்ல, அது சும்மா நிண்டு திருத்தம் வந்தால் மட்டும் அங்கயும் இங்கயும் திரும்புற அச்சு. இதே 0.5 வேகத்தில டெக் செக்கனுக்கு 7.5 ஆர்க் செக்கன் நகரும். பீஎச்டி2ல மவுண்டை அளந்து பாக்கிற கைடிங் அசிஸ்டன்ட் வெறுஞ்சுற்று 3000 மில்லிசெக்கன் எண்டு காட்டினால் அந்த 3 செக்கனும் வீண், கணக்குப்படி 22 ஆர்க் செக்கனுக்கு மேல.

> பஞ்சிகாவத்தையில மெக்கானிக்மார் ‘ஆட்டம்’ எண்டு சொல்லுவினம், அதுவே நல்ல தமிழ்தானே?

நல்ல தமிழ்தான், எனக்கும் பிடிச்ச சொல், ஆனா இங்க நாங்கள் காத்தால நட்சத்திரம் துடிக்கிறதுக்கு ஏற்கனவே ஆட்டம் எண்டுதான் எழுதுறம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற. காத்தாட்டத்துக்கு எக்ஸ்போஷரை 2, 3 செக்கனுக்குக் கூட்டி, சின்னச் சின்ன அசைவுக்கு மவுண்ட் ஓடாத மாதிரி குறைந்தபட்ச நகர்வைக் கூட்டி வைக்கோணும். வெறுஞ்சுற்றுக்கு அது ஒண்டும் சரிவராது, அலன் கீயை எடுக்கோணும். டெக் வேர்மைத் தள்ளிப்பிடிக்கிற சின்ன ஸ்க்ரூவை எட்டில ஒரு சுத்து மாதிரி இறுக்கி, உடன டெக் அச்சை முழு வட்டமும் மோட்டரால ஓட்டிப் பாருங்கோ. எங்கயாவது சத்தம் மாறினாலோ இழுத்தாலோ இறுக்கம் கூடிப்போச்சு, கொஞ்சம் விடுங்கோ. முழுசா இல்லாமப் பண்ண வெளிக்கிட்டால் பல்லுதான் தேயும்.

கழட்ட விருப்பமில்லாதவை டெக்கை ஒரு பக்கமா மட்டும் திருத்தச் சொல்லி விடலாம். துருவச் சீரமைப்பில (மவுண்டின்ர ஆர்ஏ அச்சை வானத் துருவத்துக்கு நேராக்கிறதில) ஒரு 5 ஆர்க் நிமிட விலகலை விட்டால் நட்சத்திரம் கூடினது நிமிடத்துக்கு 1.3 ஆர்க் செக்கன் மாதிரி நழுவும், பீஎச்டி2 எப்பவும் எதிர்ப்பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும், மோட்டர் திரும்பாட்டி வெறுஞ்சுற்றும் வராது. டித்தரிங்கை (படத்துக்குப் படம் டெலஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்திறதை) ஆர்ஏயில மட்டும் வையுங்கோ, மெரிடியன் (வடக்குத் தெற்கா உச்சியால போற கோடு) தாண்டி மவுண்டைப் பிரட்டினால் எந்தப் பக்கம் எண்டு திரும்பவும் பாருங்கோ.

மற்றச் சொற்கள்ல எனக்குப் பெரிய சண்டை இல்ல. டிரிஃப்டுக்கு ‘நழுவல்’ நல்லாயிருக்கு, பீரியாடிக் எரருக்கு (வேர்ம் ஒவ்வொரு சுத்துக்கும் திரும்ப வாற பிழைக்கு) எங்கட பள்ளிக்கூடத் தமிழ்லயே ஆவர்த்தனமும் வழுவும் இருக்கிறதால ‘ஆவர்த்தன வழு’ எண்டால் ஓ.எல். பிள்ளைக்கும் விளங்கும். 180 பல்லு உள்ள மவுண்ட்ல அது ஏறக்குறைய 479 செக்கனுக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப வரும், ஒரு சைடீரியல் நாளின்ர (நட்சத்திரங்களை வச்சுப் பாத்தால் பூமி ஒருக்காச் சுத்துற நேரத்தின்ர) 86,164 செக்கனை 180ஆல பிரிச்சுப் பாருங்கோ. கைட்ஸ்கோப்பும் (கைடிங்குக்கு வச்ச சின்ன டெலஸ்கோப்) பெரிய டெலஸ்கோப்பும் வேற வேற அளவில தொங்கிறதுக்கு ‘தொய்வு’ போதும், கிராஃப் அழகா இருக்க படத்தில மட்டும் நட்சத்திரம் நீண்டு வந்தால் முதல்ல அதைச் சந்தேகப்படுங்கோ. வெள்ளவத்தையில கடற்கரை ரயில் போகேக்க ரெண்டு கோடும் ஒண்டாத் துள்ளுறதுக்குப் பேர் வேண்டாம், அது ரயில்.

> கொழும்பில துருவ நட்சத்திரமே தெரியாது, பிறகென்ன சீரமைப்பு?

ஓம், 7 பாகை உயரத்தில, புகாருக்கும் மாடிகளுக்கும் பின்னால கிடக்கிறதை நம்பி வேலை செய்யேலாது. நீனா எண்ட மென்பொருளில இருக்கிற மூன்று புள்ளிச் சீரமைப்புக்குத் துருவம் தெரியத் தேவையில்ல, திறந்திருக்கிற எந்தப் பக்கத்திலயும் மூன்று படம் எடுத்தால் சரி. இன்னொரு வசதியும் எங்களுக்கு இருக்கு, வான நடுக்கோடு (பூமியின்ர நடுக்கோட்டுக்கு நேர மேல வானத்தில போறது) எங்கட உச்சியில இருந்து 7 பாகை தெற்கால போகுது. பீஎச்டி2 கேட்கிற மாதிரி நடுக்கோட்டுக்குக் கிட்ட, மெரிடியனுக்குப் பக்கத்தில கேலிப்ரேஷன் (பல்ஸுக்கு மவுண்ட் எவ்வளவு நகருது எண்டு அளக்கிறது) செய்ய வேணுமெண்டால் மாசி மாதத்தில பொழுதுபட்டாப்பிறகு ஓரியன் பெல்ட்டுக்குத் திருப்பினால் போதும், அதில மின்டாகா எண்ட நட்சத்திரம் கிட்டத்தட்ட நடுக்கோட்டிலயே நிக்குது. மவுண்ட் இவ்வளவு தாழ்வாச் சரிஞ்சு நிக்கேக்க எதிர்ப்பாரத் தண்டு ட்ரைபோட் காலில முட்டுதோ எண்டு மட்டும் முதல்லயே பாத்திடுங்கோ.

கேலிப்ரேஷன் செய்யேக்கயும் வெறுஞ்சுற்றை மறக்கக் கூடாது. பீஎச்டி2 அளக்கத் தொடங்கிறதுக்கு முதல் வடக்குப் பக்கமாத் தள்ளி அந்த இடைவெளியை முடிக்கப் பாக்கும், இடைவெளி பெரிசெண்டால் நீங்களே கையால கொஞ்சம் வடக்கே ஓட்டிவிட்டுத் தொடங்குங்கோ, இல்லாட்டி டெக் வேகத்தைப் பிழையாப் படிச்சிடும்.

பட்டியல்ல போட நான் எழுதி வச்சிருக்கிறது: “வெறுஞ்சுற்று – மோட்டர் திசை மாறேக்க, பற்களுக்கு இடையில இருக்கிற இடைவெளி முடியிற வரைக்கும் அச்சு அசையாமல் மோட்டர் மட்டும் சுத்துறது.” அண்ணை, மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எழுதுங்கோ, ‘பின்னடைவு’க்கு வேற நியாயம் இருந்தால் கேட்க விருப்பம். தெஹிவளைத் தம்பி, வானம் வெளிக்கிற இரவில கைடிங் அசிஸ்டன்ட்டை ஓட்டி வெறுஞ்சுற்று எத்தினை மில்லிசெக்கன் எண்டு போடு, இறுக்கிறதோ ஒருபக்கக் கைடிங்கோ எண்டு அதைப் பாத்துச் சொல்லுறன்.