இறால், கணவாய் ஆலைக்கு ஈஆர்பி: எதிலிருந்து தொடங்குவது?

மண்டபம்_பிளாண்ட்:
மண்டபம் பக்கம் இறால், கணவாய் உறைபதன ஆலை. கணக்கு மட்டும் டேலியில் இருக்கிறது. கொள்முதல், உரிப்பு, கிரேடிங், கோல்ட் ஸ்டோர் எல்லாம் நோட்டும் எக்செலும்தான். முதலாளி மூன்று இலக்கு வைத்திருக்கிறார். உரிப்பில் போகும் எடை குறைய வேண்டும். ஐரோப்பாவில் ஒரு கார்ட்டனைப் பற்றிக் கேட்டால் எந்தப் படகுச் சரக்கு என்று அன்றைக்கே பதில் போக வேண்டும். எந்த கவுண்டில் (ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை இறால் என்ற அளவுப் பிரிவு) லாபம் என்று வாரம்தோறும் தெரிய வேண்டும். இதற்காக ஈஆர்பி (கொள்முதல் முதல் கணக்கு வரை ஒரே இடத்தில் பதியும் சாஃப்ட்வேர்) போட நினைக்கிறோம். சாஃப்ட்வேர்காரர்கள் மீன்பிடித் தடைக்காலத்திலேயே அதன் எல்லா மாட்யூலையும் (பகுதிகளையும்) சேர்த்துப் போட்டுவிடலாம் என்கிறார்கள். சரியா?

தொண்டி_புரொடக்‌ஷன்:
மாட்யூல் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். ஒவ்வொரு இலக்குக்கும், யார் எப்போது என்ன முடிவெடுக்கிறார், அதற்கு எந்த எண் வேண்டும், அந்த எண் எந்த இடத்தில் பிறக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

உரிப்பு இழப்பைக் குறைக்கும் முடிவு சூப்பர்வைசருடையது, அதுவும் அந்த ஷிப்டுக்குள். மாதக் கடைசியில் வரும் அறிக்கையால் அவருக்குப் பயன் இல்லை. அதனால் முதலில் வேண்டியது மூன்று எடை இடங்கள்: சரக்கு இறங்கி ஐஸ் நீக்கிக் கழுவியதும், தலை நீக்கி அல்லது உரித்ததும், கிரேடிங் முடிந்து டிரேயில் அடுக்கும் முன். மூன்று இடத்திலும் தண்ணீர் வடியவிடும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். வரவில் சரியாக வடிக்காவிட்டால் முதல் எடை ஊதிவிடும், பழி உரிக்கும் பெண்கள் மேல் விழும். பாஸ்பேட் கரைசலில் ஊறவைப்பதாக இருந்தால் இரண்டாவது எடை அதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். ஊறிய சதை தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், உண்மையான இழப்பு அதில் மறைந்துபோகும். கிளேஸ் (உறைந்த சரக்கின் மேல் பூசும் பனிப்படலம்) எடையை ஈல்டு (வந்த எடையில் எவ்வளவு மிஞ்சியது என்ற) கணக்கில் சேர்க்கவே கூடாது.

தராசு இண்டிகேட்டர் (எடை காட்டும் பெட்டி) ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்), ஸ்டீல் உடல், பெரிய பட்டன் உள்ளதாக வாங்குங்கள். ஈரக் கையுறையோடு டச் ஸ்கிரீன் வேலைக்கு ஆகாது. கரண்டோ நெட்டோ போனாலும் எடை உள்ளூரிலேயே பதிவாக வேண்டும்.

க்யூசி_ராம்நாடு:
இரண்டாவது இலக்குக்கு என் பதில். சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1005/2008 விதி 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது கேட்கும் கேட்ச் சர்டிபிகேட்டை (எந்தப் படகு பிடித்த சரக்கு என்ற சான்று) இங்கே எம்பெடா (கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) சரிபார்த்துத் தருகிறது. படகின் பதிவு எண், இனம், எடை மூன்றும் சரக்கு இறங்கும்போதே பதிவாக வேண்டும், பிறகு தேடினால் கிடைக்காது.

லாட் (ஒரே எண்ணின் கீழ் வரும் சரக்கு) அறுந்துபோவது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இல்லை, சில் டேங்கில் (சரக்கை ஐஸ் தண்ணீரில் வைக்கும் தொட்டி)தான். கடைசி பிளாக் (கட்டியாக உறைக்கும் அச்சு) நிரம்பவில்லை என்று அடுத்த லாட்டிலிருந்து இரண்டு கை அள்ளிப் போடுவார்கள். அதைத் தடுத்துப் பார்ப்பதில் பலன் குறைவு. கலந்தால் புது லாட் எண், அதன் கீழே தாய் லாட்டுகளும் அவற்றின் கிலோவும் என்று வைத்துவிடுங்கள். பல லாட் ஒன்றாவதையும் ஒரு லாட் பலவாகப் பிரிவதையும் உங்கள் சரக்கை வைத்தே செய்துகாட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத சாஃப்ட்வேர் வேண்டாம்.

சோதனை இப்படி: ஒரு கார்ட்டனை எடுத்துப் படகு வரை பின்னால் போங்கள். பிறகு அந்தப் படகிலிருந்து எல்லாக் கார்ட்டனுக்கும் முன்னால் வாருங்கள். வந்த கிலோ, விற்றது, இருப்பு, கழிவு ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

லேபிளுக்கு ஃப்ரீசர் பசை, ரெசின் ரிப்பன் கேளுங்கள். கார்ட்டன் −18 டிகிரி அறைக்குள் போகும் முன்பே ஒட்டிவிட வேண்டும். பனி பூத்த அட்டையில் ஒட்டினால் உதிர்ந்துவிடும்.

பாம்பன்_ஐடி:
தடைக்காலம் பற்றிச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. தராசு வயரிங், மாஸ்டர் பதிவு (இனம், கவுண்ட், வியாபாரி போன்ற அடிப்படைப் பட்டியல்), பயிற்சி எல்லாவற்றுக்கும் அது அருமையான நேரம். ஆனால் சோதிக்கச் சரக்கு வேண்டுமே! சும்மா இருந்த சிஸ்டத்தை ஜூன் 15-க்குப் பிறகு குவியும் வரத்தில் திறந்தால் அன்று இரவே எல்லாரும் நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். நாட்டுப்படகு அப்போதும் கடலுக்குப் போகிறது. அந்தக் கணவாயை வைத்து மே மாதத்தில் ஒரே லைனை மட்டும் ஓட்டுங்கள். நோட்டும் கூடவே இருக்கட்டும். இரண்டு வாரம் தொடர்ந்து இரண்டும் பொருந்தினால் நோட்டை எடுத்துவிடலாம். இறால் லைன் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனாலும் கவலை இல்லை.

மண்டபம்_பிளாண்ட்:
நன்றி அண்ணே. மூன்றாவது இலக்கு? டேலியிலேயே கவுண்ட் வாரியாகப் பிரித்தால் போதாதா?

காஸ்டிங்_கீழக்கரை:
முதலாளி கேட்கும் கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் சார். வாங்கும்போது கலந்து வரும் சரக்கு, பிரித்தபின்தான் கவுண்ட் ஆகிறது. அதற்குமுன் ஆன செலவு எல்லா கவுண்டுக்கும் பொது.

உதாரணத்துக்கு 100 கிலோ ஹெட்லெஸ் (தலை நீக்கிய இறால்), அடக்கம் ₹50,000. 16/20 கவுண்ட் 30 கிலோ, விலை ₹900. 41/50 கவுண்ட் 70 கிலோ, விலை ₹500. கிலோவுக்குச் சமமாகப் பிரித்தால் இரண்டுக்கும் அடக்கம் ₹500. சின்ன இறாலான 41/50-இல் லாபமே இல்லாதது போலத் தெரியும். விற்பனை மதிப்பான ₹62,000-க்கு ஏற்பப் பிரித்தால் ₹726, ₹403 என்று வரும், இரண்டிலும் ஒரே சதவீத லாபம். எப்படிப் பிரித்தாலும் கவுண்ட் லாபம் என்பது நாம் பிரித்த முறையின் விளைவு மட்டுமே. அதை நம்பிச் சின்ன இறாலை ஒதுக்கவும் முடியாது, அது பெரியதோடு சேர்ந்துதான் வருகிறது.

அறிக்கை இரண்டு போதும். ஒன்று, லாட் வாரியாக, வியாபாரி வாரியாக லாபம். இந்த விலைக்கு இன்னாரிடம் மறுபடி வாங்கலாமா என்பதற்கு அதுவே விடை. மற்றது, ஒரு கவுண்டை ஹெட்லெஸ் பிளாக்காகவே விற்பதா, உரித்து ஐக்யூஎஃப் (ஒவ்வொன்றும் தனித்தனியாக உறைந்த சரக்கு) ஆக்குவதா என்பது. அதற்கு உரிப்புக் கூலி, உரிப்பில் போகும் எடை, உறைக்கும் செலவு, கூடுதலாகக் கிடைக்கும் விலை ஆகியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். மேலே சொன்ன மூன்று எடையும் லாட் எண்ணும் இருந்தால் இரண்டையும் எக்செலிலேயே எடுத்துவிடலாம். டேலிக்கு லாட் எண்ணோடு கொள்முதல் பில் மட்டும் போனால் போதும்.