புதுப்பிப்பு: சின்னப் பர்ஸ் தாங்குகிறதா?

தடிமனான பர்ஸை விட்டுவிட்டு, உள்ளங்கை அளவு ஜிப் பர்ஸோடு நாகர்கோவில் - களியக்காவிளை பஸ்ஸில் சமாளிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது.

பிவிசி ஆதார், ஏடிஎம் கார்டு, லைசன்ஸ் மூன்றும் ஒரே அளவு, 85.6 × 54 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அறையில் உட்கார்ந்துவிடும். 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளம், இரண்டாக மடித்தால் போதும். சில்லறைதான் தொல்லை. நாலைந்து நாணயம் சேர்ந்தாலே வயிறு உப்பி ஜிப் திணறுகிறது. அதனால் சில்லறை இப்போது சட்டைப் பையில்.

சாவியையும் உள்ளே போடச் சொன்னவர்களுக்கு: வேண்டாம், கார்டு சிப்பை உரசும்.

அப்புறம் மழை. நம்ம மாவட்டத்தில் ஆனியிலும் நனையலாம், ஐப்பசியிலும் நனையலாம். நோட்டை மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டிருக்கிறேன். விவேகானந்தர் பாறைப் படகில் தெறிக்கும் உப்புத் தண்ணீருக்கும் அது உதவியது. ஜிப்புக்குத்தான் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டியிருந்தது.