பெஞ்சைச் சுற்றி நாலு பக்கமும் கூட்டம்: வகுப்பில் மேஜிக் காட்டிய மூன்று பேரின் அனுபவங்கள்

மேடையில் வித்தை காட்டுபவருக்கு இல்லாத சிக்கல் ஒன்று வகுப்பில் காட்டுபவருக்கு உண்டு. கூட்டம் எதிரே உட்காராது. பெஞ்சின் நாலு பக்கமும் நிற்கும், ஒருத்தன் மேஜை மேல் ஏறி மேலேயிருந்து பார்ப்பான். அதோடு, இவர்கள் தினமும் நம்மோடு இருப்பவர்கள். இன்று விட்ட சந்தேகத்தை நாளைக் காலை பிடித்துக்கொண்டு வருவார்கள்.

நான் தொடங்கியது நாணயத்தில். ஃபிரெஞ்ச் டிராப் என்ற பழைய வித்தை. இடது கை விரல் நுனியில் நாணயம் இருக்கும். வலது கை அதை எடுப்பதுபோல் வந்து மூடிக்கொண்டு விலகும். நாணயமோ அதற்குள் இடது உள்ளங்கையில் விழுந்திருக்கும். கண்ணாடி முன் பழகும்போது விரல்தான் எல்லாம் என்று தோன்றும். ஆள் முன்னால் செய்யும்போதுதான் தெரியும், வேலை பார்ப்பது கண் என்று. காலியான வலது கையை நாமே நம்பிப் பார்த்தால் அவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் நின்றுவிட்டால் எந்தப் பார்வையும் உதவாது.

அதனால் பக்கம் பார்க்க வேண்டாத வித்தைகளுக்கு மாறினேன். அவற்றில் எனக்கு இன்றும் பிடித்தது, காகித உருண்டையை இன்னொருவர் கைக்குள் சேர்ப்பது. நோட்டுத் தாளைக் கிழித்து இரண்டு உருண்டை செய்வேன். ஒன்று அவர் கையில், ஒன்று என் கையில். என்னுடையது மறையும், அவர் கையைத் திறந்தால் இரண்டு இருக்கும்.

எங்கள் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண்ணிடம் இதைச் செய்தேன். விரல் வெளுக்க வெளுக்கக் கையை இறுக்கி மூடியிருந்தாள். திறந்ததும் ஓர் உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு மற்றதை. சட்டென்று இரண்டையும் மூடிக்கொண்டு பக்கத்து வகுப்புக்கு ஓடினாள். பின்னாலேயே போய் வாசலில் நின்று கேட்டேன். “என் கையை அவன் தொடவே இல்லை!” என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் விரல்களை மடக்கி மூடிவிட்டதே நான்தான். வித்தையின் பாதி வேலையை அவள் ஞாபகம் செய்து முடித்திருந்தது. நான் காட்டியதைவிட அவள் சொன்னது எவ்வளவோ பெரிய வித்தை! அவ்வளவு சத்தமாக அவள் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. கையில் நடக்கும் வித்தை, அந்தக் கைக்கு உரியவருடைய வித்தையாகிவிடுகிறது. நெருக்கத்தில் காட்டும் மேஜிக்கை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

* * *

நானும் காகித உருண்டைதான், ஆனால் நேர்மாறான வித்தை. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற மேஜிக் நிபுணர் ஸ்லைடினி காட்டிவந்தது. ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து உருண்டைகளை ஒவ்வொன்றாக மறைய வைப்பார். சுற்றியிருக்கும் எல்லாருக்கும் எப்படி என்று தெரியும், உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. வகுப்பு மொத்தமும் நம் கட்சி என்பதால் சிரிப்பு கூரையைப் பிய்க்கும்.

அந்தச் சிரிப்பு ஒரே ஒருவர் மேல் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது. கூச்ச சுபாவம் உள்ளவரை நான் ஒருநாளும் அந்த நாற்காலிக்குக் கூப்பிட மாட்டேன். எல்லாரையும் கலாய்க்கிற, தன்னைக் கலாய்த்தாலும் தாங்குகிற ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவேன். முடிந்ததும் அவரை எழுப்பி நிற்க வைத்து, அடுத்தவரை உட்கார வைத்து மறுபடி செய்வேன். இப்போது அவர் பார்க்கிற பக்கத்தில் இருக்கிறார். முதலில் “ஐயோ!” என்று தலையில் அடித்துக்கொள்வார். பிறகு எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

* * *

“இன்னொரு தடவை பண்ணு” என்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! வகுப்பில் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று புகழ்பெற்ற மேஜிக் நிபுணர் ஹூடினி சவால் விட்டிருந்தார். 1922இல் டாய் வெர்னான் என்ற இன்னொரு மேஜிக் நிபுணர் ஒரு சீட்டைக் கட்டின் மேலிருந்து இரண்டாவதாகச் செருகி, அது மேலே வந்து நிற்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியும் ஹூடினிக்குப் பிடிபடவில்லை. வெர்னான் அளவுக்குக் கை பழகாதவர்கள் என்ன செய்வது? கணக்கு போடுகிற வித்தைகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். அவற்றை எத்தனை தடவை கேட்டாலும் காட்டலாம்.

நான் காட்டியது 21 சீட்டு வித்தை. வரிசை வரிசையாக 3 பத்தியில் பரப்ப வேண்டும். நினைத்த சீட்டு எந்தப் பத்தியில் என்று நண்பன் சொல்வான். அந்தப் பத்தியை நடுவில் வைத்து அடுக்க வேண்டும். மூன்று முறை இப்படிச் செய்தால், மேலிருந்து 11ஆவது சீட்டு அவனுடையது. சீட்டுக்கட்டு கொண்டுவரக் கூடாது என்றால் எண் எழுதிய தாள் துண்டுகளே போதும்.

கணக்கில் கெட்டிக்காரன் ஒருத்தன் என் கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருவரும் எழுதிப் பார்த்தோம். முதல் முறை அடுக்கியதும் அந்தச் சீட்டு நடுவில் உள்ள 7இல் ஒன்று. இரண்டாவது முறை பத்தியைச் சொன்னதும் அதிகபட்சம் 3இல் ஒன்று. அடுத்துப் பரப்பும்போது அந்த மூன்றும் ஒரே வரிசையில், ஆளுக்கொரு பத்தியில் விழும். ஆக, பத்தியைச் சொன்னாலே சீட்டைச் சொன்ன மாதிரி. “அப்போ 27 சீட்டிலும் வரணுமே?” என்றான். பரப்பிப் பார்த்தோம். வந்தது, 14ஆவது இடத்தில்.