புதுப்பிப்பு: கழன்று விழுந்த கிராம்பான்

பத்தடி நடந்ததும் இடது கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும், கூர்முனைகள் கொண்ட உலோகச் சட்டம்) குதிகால் பக்கம் கழன்றுவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. அதைக் குதிகாலில் பூட்டும் லீவர் பழுது என்று நினைத்தேன், அது இல்லை. முன்பாகத்தையும் பின்பாகத்தையும் இணைக்கும் பட்டை ஒரு துளை நீளமாக இருந்தது.

ஒரு துளை குறைத்தேன். இப்போது லீவர் மூடவே இல்லை! அப்புறம் லீவரின் இறுக்கத்தை மாற்றும் குதிகால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். உள்ளங்கையால் அழுத்தினால் 'டக்' என்று விழும் இறுக்கம்தான் சரி. விரலால் சுலபமாக மூடினால் தளர்வு என்று அர்த்தம்.

நீங்கள் சொன்ன சோதனையையும் செய்தேன். கணுக்காலைச் சுற்றும் வாரைக் கட்டாமல் பூட்ஸைத் தூக்கி நன்றாக உதறினேன், அசையவில்லை. கிராம்பானின் முன்முனைகள் பூட்ஸ் நுனியைத் தாண்டி 2 செ.மீ.க்குச் சற்று மேல் நீட்டியிருக்கின்றன.

வலது பக்கத்தையும் தனியாகப் பாருங்கள். எனக்கு அதில் திருகின் அளவு வேறாக வந்தது. வீட்டிலேயே, கையுறை போட்டுக்கொண்டு, இதையெல்லாம் முடித்துவிடுங்கள். பனிச்சரிவில் நின்றுகொண்டு துளை மாற்றுவது உண்மையிலேயே ஆபத்து. வாரின் நுனி தொங்காமல் செருகிவிடுங்கள், மற்றக் காலின் முனை அதில் மாட்டும்.

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.